விளக்கெண்ணெய்க் கணக்கு

அம்மா காலமாகி ஒரு மாதம் கழித்து அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். மேலே இரண்டு பழைய பட்டுப் புடவைகள், அவற்றின் கீழே ஒரு துண்டில் சுற்றிய ஏழு நோட்டுப் புத்தகங்கள். எல்லாம் நாங்கள் பள்ளிக்கூடத்தில் எழுதி முடித்து எறிந்தவை. முன்பக்கம் என் கையெழுத்தில் பூகோளப் பாடம். திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து அம்மாவின் வரவு செலவுக் கணக்கு.

பழைய கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தவன் முதலில் விலையைத்தான் பார்ப்பான். "அடடா, அந்தக் காலம்!" என்று பெருமூச்சு விடுவான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால், இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் ஒன்று புரிந்தது. அம்மாவின் கணக்கில் தொகை அதிகம் மாறுவதே இல்லை. மாறுவதெல்லாம் அளவுதான். நல்லெண்ணெய்க்கு எழுதும் பணம் மாதா மாதம் அதேதான். ஆனால் ஒன்றரை லிட்டர் ஒன்றேகால் ஆகிறது, பிறகு ஒன்றாகிறது, ஓராண்டுக்குப் பின் முக்காலாகிறது. துவரம் பருப்பும் காப்பிக் கொட்டையும் அதே கதி. வீட்டுக்கு வரும் பணம் ஏறாதபோது விலை ஏறினால் எதை வெட்டுவது என்பதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. எங்களிடம் சொல்லவும் இல்லை. ரசம் மட்டும் கொஞ்சம் தெளிந்துகொண்டே வந்திருக்க வேண்டும். அப்போது எனக்கு அது தெரியவில்லை.

இத்தனை மாறுதலுக்கிடையே ஒரே ஒரு வரி மட்டும் மாறாமல் நின்றது. 1968 ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும், "விளக்கெண்ணெய் 3-75". மழையோ வெயிலோ, தீபாவளியோ திவசமோ, விளக்கெண்ணெய் மூன்று ரூபாய் எழுபத்தைந்து காசு. எங்கள் வீட்டில் விளக்கெண்ணெயை யாரும் அவ்வளவு விரும்பியதாக எனக்கு நினைவில்லை. இந்த வரியின் ரகசியத்தைப் பின்னால் சொல்லுகிறேன். அதற்கு முன், நம் ஊர்க் குடும்பங்கள் பணத்தை எங்கே வைத்தன, எப்படி இழந்தன என்ற பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அம்மாவின் கணக்கு எனக்கு முழுக்க விளங்கிற்று.

சென்னைப் பட்டணத்துக் கடற்கரைச் சாலையில் ஒரு காலத்தில் மூன்று வெள்ளைக்காரக் கம்பெனிகளின் பெயரைச் சொன்னால் கடல் அலைகூட மரியாதையாக ஒதுங்கும் என்பார்கள்: பாரி, பின்னி, அர்பத்நாட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்த மூவரும் கப்பல், சரக்கு, தோட்டம், ஏஜென்சி என்று எதைத் தொட்டாலும் அதில் பணம் பண்ணினார்கள். அர்பத்நாட் கம்பெனிக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. அது ஜனங்களிடமிருந்து டெபாசிட் வாங்கிற்று.

யாருடைய பணம் என்கிறீர்கள்? பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர்களின் பணம். வக்கீல்கள் சேர்த்த பணம். ஜமீன்தார்கள் சிலருடைய பணம். கோவில், தர்ம சத்திரங்களின் பணம். பெண்ணின் கல்யாணத்துக்கென்று ஒதுக்கியது, புருஷன் போன பிறகு ஜீவனத்துக்கென்று மிஞ்சியது. நடுத்தரக் குடும்பத்தார் தங்கள் வாழ்நாள் சேமிப்பை அங்கே கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, ரசீதை மடித்து ராமாயணப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஏன் அங்கே போய்ப் போட்டார்கள் என்று இன்று கேட்பது சுலபம். அன்று வேறு எங்கே போவது? 1843-ல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதராஸ் இருந்தது. அது சர்க்காருக்கும் பெரிய வியாபாரிகளுக்கும் உரிய பாங்கி. நிலத்தின் பேரில் கடன் கொடுக்கக் கூடாது, நீண்ட காலக் கடன் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் சட்டம் அதைக் கட்டிப் போட்டிருந்தது. அந்தச் சட்டம் பாங்கியைப் பத்திரமாக வைத்தது; குடும்பஸ்தனை வாசலிலேயே நிறுத்திற்று. வீடு கட்டவும், பெண்ணைக் கட்டிக் கொடுக்கவும், பழைய கடனை அடைக்கவும் பணம் வேண்டியவனுக்கு அங்கே வேலை இல்லை.

அதனால் நம் ஜனங்கள் தாங்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். அதற்குப் பெயர் நிதி. அக்கம் பக்கத்தார் சேர்ந்து மாதா மாதம் சிறு தொகை கட்டுவது, கட்டியவர்களுக்குள்ளேயே வீட்டின் பேரிலோ நகையின் பேரிலோ கடன் கொடுத்துக்கொள்வது. மயிலாப்பூரில் 1872-ல் ஏற்பட்ட ஹிந்து பெர்மனென்ட் ஃபண்ட் இந்த வகையில் பேர் பெற்றது. சீட்டுக் கட்டி வந்த பழக்கந்தான், கொஞ்சம் சட்டை போட்டுக்கொண்டு சபையில் வந்து உட்கார்ந்தது. கும்பகோணத்தில் 1904-ல் கும்பகோணம் பாங்கி ஏற்பட்டது. அதே 1904-ல் கூட்டுறவுச் சங்கச் சட்டமும் வந்தது; குடியானவனை வட்டிக்காரன் பிடியிலிருந்து விடுவிக்க வழி தேடி, ஃபிரெடரிக் நிக்கல்ஸன் என்ற துரை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சென்னை சர்க்காருக்குப் பெரிய அறிக்கை ஒன்று எழுதியிருந்தார். திருவல்லிக்கேணியில் சில நண்பர்கள் சேர்ந்து, அரிசி பருப்பை நியாய விலைக்கு வாங்கிப் பகிர்ந்துகொள்ளக் கூட்டுறவு பண்டகசாலை வைத்ததும் அந்த ஆண்டுதான். விலைவாசியும் கடனும் ஒரே வியாதியின் இரண்டு குறிகள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் இவையெல்லாம் சின்னச் சின்ன இடங்கள். ஓட்டுக் கட்டடம், ஒரு குமாஸ்தா, ஒரு இரும்புப் பெட்டி. அர்பத்நாட் அப்படியா? தூண்கள் வைத்த மாளிகை. நூறு வருஷப் பெயர். தலைமைப் பங்காளி ஸர் ஜார்ஜ் அர்பத்நாட். அவரோ பட்டணத்தின் பெரிய சபைகளில் முன்வரிசை நாற்காலிக்கு உரியவர். மயிலாப்பூர் குமாஸ்தா தவறு செய்யலாம். ஸர் பட்டம் வாங்கிய துரை செய்வாரா? இப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். இந்த நினைப்புக்கு அவர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது.

1906 அக்டோபர் 20, சனிக்கிழமை. லண்டனில் மக்ஃபாடியன் என்ற பங்காளி ரயிலின் முன்னே விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அர்பத்நாட் கம்பெனியின் லண்டன் காரியங்கள் அவர் கையில்தான் இருந்தன. தந்தி சென்னைக்கு வந்தது. 22-ஆம் தேதி திங்கட்கிழமை காலை, கடற்கரைச் சாலைக் கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு ஹைகோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமையை என்னால் கற்பனை செய்துகொள்ள முடிகிறது. ராமாயணப் புத்தகத்துக்குள்ளிருந்த ரசீதுகளை எடுத்துக்கொண்டு எத்தனை கிழவர்கள் குதிரை வண்டிக்கு ஓடியிருப்பார்கள்! அந்த மாளிகை அங்கேயேதான் இருந்தது. தூண்களும் இருந்தன. உள்ளே பணந்தான் இல்லை.

பணம் எங்கே போயிற்று? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கம்பெனி இந்தப் பணத்தைத் திருடிப் புதைத்து வைக்கவில்லை. லண்டனில் உட்கார்ந்து தூர தேசத்து ரயில் பாதைகளிலும் சுரங்கங்களிலும் சூதாட்டம் போலப் போட்டுப் பார்த்தார்கள். சில போயின. போனதை மீட்க இன்னும் போட்டார்கள். அதுவும் போயிற்று. கேட்டவுடன் தருகிறேன் என்று வாங்கிய பணத்தை, என்றைக்குக் காய்க்கும் என்றே தெரியாத மரத்துக்கு உரமாகப் போட்டுவிட்டால், கேட்கிற அன்று எங்கிருந்து கொடுப்பது? அது பங்காளிகளின் கம்பெனியானதால் கணக்கை ஊரறிய வெளியிட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பழைய பள்ளத்தை மூடப் புதிய டெபாசிட் வந்துகொண்டிருந்தவரையில் எல்லாம் சரியாகவே தோன்றிற்று. வட்டி தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தது. முதல் போய்விட்டது என்பது வாங்கியவனுக்குத் தெரியாது.

யானை விழுந்தால் பக்கத்து மரமும் ஆடும். பின்னி கம்பெனியும் அந்த அதிர்ச்சியில் ஆட்டங்கண்டு, வேறு கைக்கு மாறிப் பிழைத்தது. ஸர் ஜார்ஜ் மீது குற்ற விசாரணை நடந்தது. 1907-ல் அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தார்கள். வெள்ளைக்காரப் பிரபு ஒருவருக்கு வெள்ளைக்கார ராஜ்யத்தில் கடுங்காவல் கிடைத்தது அந்தக் காலத்தில் பெரிய அதிசயந்தான். ஆனால் தண்டனையைக் கேட்டு யாருடைய பெண்ணுக்கும் கல்யாணம் ஆகிவிடவில்லை.

பணம் போட்டவர்களின் பக்கம் நின்று ஓடியாடியவர்களில் முக்கியமானவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். பாரதியாரின் தேசியப் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு இனாமாக வழங்கச் செய்தாரே, அதே மனிதர்தான். அரசியலில் மிதவாதி, ஆனால் இந்த விஷயத்தில் அவர் செய்த காரியம் எந்தத் தீவிரவாதியின் காரியத்துக்கும் குறைந்ததல்ல. நம்முடைய பணத்தை நாமே வைத்துக்கொள்ள நமக்கென்று ஒரு பாங்கி வேண்டும் என்றார். அது சுதேசி அலை வீசிய காலம். வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடியில் பதிவானது அர்பத்நாட் விழுவதற்கு ஆறே நாள் முன்பு, அக்டோபர் 16-ஆம் தேதி. ஒரே வாரத்தில் ஒன்று எழுந்தது, ஒன்று விழுந்தது. பட்டணத்து வக்கீல்களின் ஊக்கமும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் மூலதனமும் கைகோத்தன. 1907 மார்ச்சில் இந்தியன் பாங்கி பதிவாயிற்று. ஆகஸ்டு 15-ஆம் தேதி கதவைத் திறந்தது. பின்னால் நாற்பது ஆண்டு கழித்து அந்தத் தேதிக்கு வேறு பெருமை வரப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் பாங்கிகள் முறிவது அதோடு நிற்கவில்லை. 1935-ல் ரிசர்வ் பாங்கி ஏற்பட்டு மூன்று ஆண்டு கழிந்த பின், 1938 ஜூன் மாதத்தில், திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி வாசலை மூடிற்று. இரண்டு பாங்கிகள் ஒன்றாய் இணைந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1949-ல் பாங்கிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1960-ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பாங்கி மூடப்பட்டு, ரப்பர் தோட்டத்துச் சிறு குடும்பங்கள் பலவற்றின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. அந்த அழுகுரல் டில்லிவரை கேட்டது. அதன் பலனாக 1962 ஜனவரி முதல் தேதியிலிருந்து டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது. பாங்கி முறிந்தால் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையில் நிச்சயம். அந்த வரம்பு பல தடவை ஏறி, 1993-ல் ஒரு லட்சமும் 2020-ல் ஐந்து லட்சமும் ஆயிற்று. 1969 ஜூலை 19-ஆம் தேதி, இந்தியன் பாங்கி உட்படப் பதினான்கு பெரிய பாங்கிகள் தேசியமாயின.

இதைத் தெரிந்துகொள்ளாமலே நாம் இன்று பாங்கிக்குள் நுழைகிறோம். கவுண்டரில் நிம்மதியாகப் பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்புகிறோம். அந்த நிம்மதியை நமக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் 1906-லும் 1938-லும் 1960-லும் மூடிய கதவுக்கு முன்னே நின்றவர்கள்.

சரி, பாங்கி முறியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் பத்திரந்தானா? இல்லை. இதற்குத்தான் அம்மாவின் கணக்குக்குத் திரும்ப வேண்டும்.

பாங்கி முறிவது இடி விழுவது போல. ஒரே நாளில் தெரிந்துவிடும், பத்திரிகையில் வரும், கோர்ட்டுக்குப் போகலாம். விலைவாசி ஏறுவது கரையான் போல. பெட்டி அப்படியே இருக்கும். பூட்டு அப்படியே இருக்கும். உள்ளே அரித்துக்கொண்டே போகும். 1939-ல் ஆயிரம் ரூபாயைப் பாங்கியில் போட்டுவிட்டு யுத்தம் முடியட்டும் என்று காத்திருந்தவரை நினைத்துப் பாருங்கள். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் ரங்கூன் அரிசி நின்றது. 1943-ல் சென்னையில் அரிசிக்கு ரேஷன் வந்தது. 1945-ல் யுத்தம் முடிந்தபோது மொத்த விலைகள் ஏறத்தாழ இரண்டரை மடங்காகியிருந்தன. அவருடைய ஆயிரம் ரூபாயைப் பாங்கி ஒரு காசு குறையாமல் கொடுத்தது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பழைய நானூறு ரூபாய்ச் சாமான்தான் கிடைக்கும். மீதி அறுநூறு எங்கே என்று எந்தக் கோர்ட்டில் பிராது கொடுப்பது? யாரைக் கடுங்காவலில் போடுவது?

சர்க்கார் ஊழியர்களுக்கு இதற்காக ஒரு படி கொடுத்தார்கள். பஞ்சப்படி என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! பஞ்சம் முன்னே ஓடும். படி பின்னே நொண்டிக்கொண்டு வரும். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் கோகுலாஷ்டமி, பிள்ளையார் சதுர்த்தி போலப் பஞ்சப்படி உத்தரவு வருகிற நாளும் ஒரு பண்டிகைதான். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஏன் ஊரையே தூக்கிற்று என்பதை அந்தக் காலத்துச் சமையலறையில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1973, 74 ஆண்டுகள் இன்னும் மோசம். அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றின; இங்கே மழையும் கைவிட்டிருந்தது. 1974-75-ல் மொத்த விலைகள் அதற்கு முந்தைய ஆண்டைவிட நூற்றுக்கு 25 பங்கு ஏறின. பாங்கி கொடுத்த வட்டி அதில் பாதிக்கும் எட்டாது. அதே 1974-ல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் போட்டு, சம்பளக்காரர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய டெபாசிட்டாகப் பிடித்துக்கொண்டது. கையில் பணம் அதிகம் புழங்கினால் விலை ஏறும் என்பது அதற்குச் சொன்ன காரணம். அப்பா அந்த உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு, "நம் வீட்டில்தான் பணம் அதிகம் புழங்குகிறதாம்!" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அந்த மாதம் காப்பிக் கொட்டை கால் கிலோ குறைந்திருப்பதை இப்போது நோட்டில் பார்க்கிறேன்.

இனி, விளக்கெண்ணெய்.

1968 ஜூனில் நான் கல்லூரியில் பி. யு. ஸி. சேர்ந்தேன். சம்பளம், ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் சேர்த்து ஒரு பெரிய தொகை வேண்டியிருந்தது. அப்பா பிராவிடண்டு ஃபண்டில் கொஞ்சம் கடன் வாங்கினார். மீதி? "என் கையில் கொஞ்சம் சிறுவாடு இருக்கிறது" என்று அம்மா கொடுத்தாள். நாங்கள் நம்பினோம். அவள் கையில் சிறுவாடு இருக்கவில்லை. இரண்டு வளைதான் இருந்தது. மூன்று சவரன் வளை. நோட்டின் கடைசி அட்டையில், யாரும் பார்க்காத மூலையில், பென்சிலால் எழுதியிருந்தது: "சேட்டுக் கடை. வளை ஜோடி. 250. ஒன்றரை வட்டி."

நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். இருநூற்றைம்பது ரூபாய்க்கு மூன்று ரூபாய் எழுபத்தைந்து காசு. இதுதான் விளக்கெண்ணெய்.

வளை எங்கே என்று அப்பா கேட்டிருப்பார். தேய்ந்துவிட்டது, பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருப்பாள். கண்ணாடி வளையலோடு ஆறு வருஷம் இருந்தாள். 1968 ஜூன் முதல் 1974 ஆகஸ்டு வரை எழுபத்தைந்து மாதம். நான் கூட்டிப் பார்த்தேன்: வட்டி மட்டும் 281 ரூபாய் 25 காசு. வாங்கிய முதலைவிட அதிகம். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. எண்ணெய் முக்கால் லிட்டர் ஆன மாதத்திலும் விளக்கெண்ணெய் மட்டும் தவறவில்லை.

"வளையை விற்றிருந்தால் வட்டியே வேண்டாமே, என்ன பைத்தியக்காரத்தனம்!" என்று முதலில் எனக்குத் தோன்றிற்று. பிறகு கணக்குப் போட்டேன். 1970-ல் தங்கம் பத்து கிராம் 200 ரூபாய்க்குக் கீழே இருந்தது. 1974-ல் 500 ரூபாயைத் தொட்டது. மூன்று சவரன் என்றால் இருபத்து நான்கு கிராம். ஆயிரத்து இருநூறு ரூபாய் பெறும். அம்மா கொடுத்தது முதலும் வட்டியுமாக 531 ரூபாய் 25 காசு. வட்டி கட்டத் தவறியிருந்தால் நகை மூழ்கியிருக்கும். லாபம் முழுவதும் சேட்டுக்குப் போயிருக்கும். கரையான் அரிக்கிற காலத்தில் ரூபாயாகக் கையில் வைத்திருப்பவன் தோற்பான், ரூபாயாகக் கடன் பட்டிருப்பவன் ஜயிப்பான் என்று பொருளாதாரப் புத்தகங்கள் சொல்கின்றன. அம்மா அந்தப் புத்தகங்களைப் படித்ததில்லை. "பொன்னை விடக் கூடாது" என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

1974-ல் எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்திலிருந்து சில மாதம் அம்மாவுக்குத் தனியாகப் பணம் அனுப்பினேன். பாத்திரம் வாங்கிக்கொள் என்று எழுதினேன். செப்டம்பர் மாதக் கணக்கில் விளக்கெண்ணெய் இல்லை. "வளை வந்தது" என்று மட்டும் இருக்கிறது. அந்தத் தீபாவளிக்கு நான் ஊருக்குப் போனபோது அவள் கையில் வளை இருந்தது. நான் அதைக் கவனித்ததாகவே நினைவில்லை.

கதையின் கடைசிப் பகுதியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சந்தான். இருந்தாலும் சொல்லாவிட்டால் கணக்கு முடியாது.

அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைப் பாங்கியில் போட்டு, வட்டியும் பென்ஷனுமாகக் காலம் தள்ளினார். பத்து வருஷத்தில் அந்த வட்டி மருந்துக்கும் பாலுக்கும் போதாதென்று ஆயிற்று. 1990-களின் நடுவில், உங்களில் பலருக்கு நினைவிருக்கும், தெருவுக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி முளைத்தது. நூற்றுக்கு இருபத்து நான்கு, முப்பத்தாறு என்று வட்டி. அப்படி ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம், அதன் பலகையும் இப்போது இல்லை) அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குளிர்சாதன அறை, சலவைக் கல் தரை, வாசலில் துப்பாக்கியோடு காவல்காரன், உள்ளே போனதும் காப்பி. அன்று ராத்திரி அவர் உற்சாகமாக விவரித்தபோது அம்மா முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நமக்கே இவ்வளவு வட்டி கொடுக்கிறானே, அவன் யாரிடமிருந்து இதைவிட அதிகமாக வாங்குகிறான்?" என்று கேட்டாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார் அப்பா. நானும் அங்கேதான் இருந்தேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்லூரியில் படித்தவன் அல்லவா!

அப்பா பாதிப் பணத்தை எடுத்துக் கொண்டுபோய்ப் போட்டார். பதினான்கு மாதம் வட்டி வந்தது. பதினைந்தாவது மாதம் கம்பெனி வாசலில் கூட்டம் நின்றது, துப்பாக்கிக்காரன் இல்லை. அந்த மாதிரி ஏராளமான கம்பெனிகள் விழுந்த பிறகு, 1997-ல், டெபாசிட்தாரர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. எங்கள் பணத்தில் கொஞ்சம் பல ஆண்டுக்குப் பின் வந்தது. அதற்குள் அப்பா போய்விட்டார்.

அம்மா ஒரு நாளும் "நான் அப்போதே சொன்னேனே" என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் வளையைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "பாங்கியில் வைத்து வாங்கி வா, சேட்டுக் கடை வேண்டாம், இப்போது பாங்கியிலே வட்டி குறைச்சல்" என்றாள். அந்த வளைக்கு வழி தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அர்பத்நாட் கதையைப் படிக்கிறபோதெல்லாம் அம்மாவின் அந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. 1906-ல் பட்டணத்தில் எத்தனை வக்கீல்கள் இருந்தார்கள், எத்தனை பெரிய மனிதர்கள்! முறுக்குச் சுற்றிக்கொண்டு கேட்ட இந்த ஒரு கேள்வியை அவர்களில் ஒருவர் அந்த மாளிகைக்குள் போய்க் கேட்டிருந்தால்? கேட்க மனம் வராது. தூண்கள் தடுக்கும். நம் காலத்தில் சலவைக் கல் தடுத்தது. இப்போது தூணும் வேண்டாம், கல்லும் வேண்டாம். கையடக்கத் தொலைபேசியில் ஒரு விரலைத் தொட்டால் கடனும் வருகிறது, டெபாசிட்டும் போகிறது. பழைய வட்டிக்காரன் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் தெருவுக்கே தெரியும். அந்த வெட்கம் ஒரு காவலாக இருந்தது. இன்றைய கடன் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் மாதத் தவணையைப் பிடித்துக்கொண்டு போகிறது. பெட்டிக் கடையில் கணக்கு வைத்தவன்கூட நோட்டில் எழுதினான். நாம் எழுதுவதில்லை.

அந்த நோட்டுகளை எடுத்து என் மேஜை மேல் வைத்திருக்கிறேன். என் பேத்தி புரட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, அந்தக் காலத்தில் இவ்வளவு விளக்கெண்ணெயா குடிப்பீர்கள்?" என்று கேட்டாள்.

"ஆமாம். ஆறு வருஷம் குடித்தேன். கசப்பே தெரியவில்லை" என்றேன்.